சிந்த்-பாப்: செயற்கையா, சேர்க்கையா?

மின்னணுக் கருவிகளை மையமாகக் கொண்ட பாப் இசை வகையான சிந்த்-பாப்பை ஒருவர் 'செயற்கைப் பாப் இசை' என்று தமிழாக்கியிருந்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. சிந்தெடிக் துணி என்றால் செயற்கை இழைத் துணி என்று பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். பழகிய தடத்திலேயே அவரும் போயிருக்கிறார். ஆனால் அந்தத் தடம் இங்கே தவறான ஊருக்குக் கொண்டுபோய் விடுகிறது.

முன்பாதியான 'சிந்த்', சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவிப் பெயரின் சுருக்கம். அதன் வேர் 'சிந்தெசிஸ்' என்ற கிரேக்கச் சொல். 'சின்' என்றால் ஒருங்கே. 'தெசிஸ்' என்றால் வைத்தல். தனித்தனியாகக் கிடப்பவற்றை ஒன்றுசேர்த்து வைப்பதுதான் மூலப்பொருள். போலி என்ற வாடையே அதில் கிடையாது. வேதியியலார் ஆய்வுக்கூடத்தில் சேர்த்து உருவாக்கிய பொருள்களுக்கு அந்தச் சொல்லை வைத்த பிறகுதான், 'இயற்கையில் கிடைக்காதது' என்ற நிழல் அதன்மேல் விழுந்தது. நைலான் காலத்தில் நிழலே பொருளாகிவிட்டது.

கருவியோ பழைய பொருளில்தான் பெயர் பெற்றது. அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964இல் உருவாக்கிய சிந்தசைசர், 1970இல் மினிமூக் என்ற வடிவில் கையோடு எடுத்துச் செல்லும் அளவுக்குச் சுருங்கியது. அதன் உள்ளே ஒரு மின்சுற்று அலையை எழுப்பும். வடிகட்டி அந்த அலையின் கூர்மையை மழுக்கும். மூன்றாவது சுற்று, ஒலி எவ்வளவு வேகத்தில் எழ வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்பதைக் கவனித்துக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: பெயர் சேர்ப்பதைச் சொல்கிறது; அந்தக் காலக் கருவிகளில் பெரும்பாலானவை செய்ததோ, நிறைவான ஓர் அலையிலிருந்து வேண்டாததை வடித்துக் கழிப்பது.

'பாப்' எளிது. மக்களிடம் பரவலாகச் செல்வாக்குப் பெற்றது என்று பொருள்படும் 'பாப்புலர்' என்ற ஆங்கிலச் சொல்லின் தலைத்துண்டு. இலங்கைத் தமிழர் இதைப் 'பொப்' என்று எழுதினார்கள். 'துள்ளிசை' என்றும் அழைத்தார்கள். அழகான சொல். தமிழ்நாட்டில் அது ஏன் வேர்பிடிக்கவில்லை என்று எனக்கு வருத்தமே உண்டு.

இரண்டு பாதிகளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் பெட் ஷாப் பாய்ஸ் என்ற இருவர் இசைக்குழு நல்ல சான்று. 1981 ஆகஸ்ட். செல்சியில், கிங்ஸ் ரோட்டில் மின்னணுப் பொருள் விற்கும் ஒரு கடை. கோர்க் எம்எஸ்-10 என்ற சிறிய சிந்தசைசரை வாங்கியிருந்த நீல் டெனன்ட், அதற்கு ஓர் இணைப்பு ஒயர் தேடி உள்ளே வந்தார். அங்கே கட்டடக்கலை மாணவர் கிறிஸ் லோவோடு பேச்சுத் தொடங்கியது. இந்த இருவர்தான் பின்னர் பெட் ஷாப் பாய்ஸ் ஆனார்கள். டெனன்டின் அந்தக் கருவிக்கு 32 கட்டைகள்தாம். ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் எழும். இரு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றுதான் பேசும். வலப்புறம், பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பலகைபோல, ஒயர் செருகும் துளைகள்.

மறு ஆண்டே 'செயற்கை' என்ற வசை சங்கத் தீர்மானமாகவே எழுந்தது. சிந்தசைசர்கள் வயலின்காரர்களின் பிழைப்பைக் கெடுக்கும் என்று அஞ்சி, பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை 1982இல் அவற்றுக்குத் தடை கோரியது. தடை வரவில்லை. பெட் ஷாப் பாய்ஸின் 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' பாட்டு 1984இல் ஒருமுறை வெளிவந்து, 1985இல் தயாரிப்பாளர் ஸ்டீபன் ஹேகுடன் மறுபதிவாகி, 1986இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. பாட்டு தெருச் சத்தத்திலும் காலடியோசையிலும் தொடங்குகிறது. பிறகுதான் கருவிகள் வந்து சேர்கின்றன. அதே ஆண்டு, நடன அரங்குகளுக்காகப் பாடல்களை நீட்டித்து 'டிஸ்கோ' என்று ஒரு தொகுப்பும் விட்டார்கள். 1988இல் 'இன்ட்ரோஸ்பெக்டிவ்' ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு ஒரு முழு வாத்தியக் குழுவையே அழைத்து, இயந்திரத் தாளத்தோடு வாசிக்க வைத்தார்கள். வயலின்காரர்களுக்கு வேலை போகும் என்ற பேச்சு எழுந்து ஆறே ஆண்டுகள்! 2024இல் வந்த அவர்களின் ஆல்பத்திலும் வயலின்கள் கேட்கின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தொகுப்பி' என்கிறார்கள் சிலர். கணினித் துறை அதைக் கம்பைலர் என்ற வேறு பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டது. தவிர, தொகுப்பது என்றால் ஏற்கெனவே இருப்பதைத் திரட்டுவது. சிந்தசைசர் இல்லாத ஒலியை உண்டாக்குகிறது. 'மின்னணு இசை' பொருத்தம்தான், ஆனால் கடல் அளவு அகலம். சிந்த்-பாப் அதில் ஒரு விரிகுடா.

நல்ல சொல்லை நம் தாவரவியல் பாடநூல் எப்போதோ தந்துவிட்டது: ஒளிச்சேர்க்கை. அதே 'சிந்தெசிஸ்'தான் அங்கே பிசிறில்லாமல் 'சேர்க்கை' ஆகியிருக்கிறது. இலை உணவைச் சேர்ப்பதைச் செயற்கை என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே சிந்தசைசரை 'ஒலிச்சேர்ப்பி' எனலாம் என்பது என் கட்சி. ஒரே சங்கடம், லகர ளகரம் வேறுபடுத்தாத வாய்களில் இது தாவரவியலாகவே ஒலிக்கும். சிந்த்-பாப் 'ஒலிச்சேர்ப்பித் துள்ளிசை' ஆகும். கட்டுரையில் ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து நானும் சிந்த்-பாப் என்றுதான் எழுதுவேன். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாட்டின் முதல் சரணம் போய்விடுகிறது.