குரலோடு சேர்ந்து பேசும் அறை

எழுதிய கதையையோ கட்டுரையையோ வீட்டிலேயே வாசித்துப் பதிவு செய்து பார்த்தவர்களுக்கு, முதல் தடவை கேட்கும்போது பெரும்பாலும் ஏமாற்றம்தான் வரும். உச்சரிப்பில் பிசகில்லை, ஏற்ற இறக்கமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் யாரோ கிணற்றுக்குள் நின்று பேசுவது போலக் கேட்கும். உடனே மைக் மேல் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. இன்னும் நல்ல மைக் ஒன்றை மாட்டிப் பார்த்தேன், எதிரொலி முன்பைவிடத் துல்லியமாகப் பதிவானது. நல்ல மைக் எதையும் விடாமல் கேட்கும், அதனால் அறையையும் விடாமல் கேட்கும். கோளாறு அறையில் இருந்தது.

அதே அறையில்தானே தினமும் பேசுகிறோம், அப்போது மட்டும் ஏன் எதிரொலி தெரிவதில்லை? நமக்கு இரண்டு காதுகள், அவற்றுக்கு நடுவில் ஒரு மூளை. வாயிலிருந்து கிளம்பும் ஒலி நேராக ஒரு தடவை வரும், அப்புறம் சுவர், தரை, கூரை என்று மோதிப் பல தடவை வரும். ஒலி வினாடிக்கு சுமார் 343 மீட்டர் போகும், அதாவது ஒரு மில்லிவினாடிக்கு 34 செ.மீ. சின்ன அறையில் முதல் எதிரொலிகள் பத்து இருபது மில்லிவினாடிக்குள் வந்துவிடும். பேச்சைப் பொறுத்தவரை 30, 40 மில்லிவினாடிக்குள் வருகிற எதிரொலியை மூளை தனியாகக் காட்டாமல் முதல் ஒலியோடு சேர்த்துவிடுகிறது. 1949இல் ஜெர்மன் ஆய்வாளர் ஹெல்மட் ஹாஸ் இதை அளந்து எழுதினார், அதனால் ஹாஸ் விளைவு என்றே பெயர். மைக்குக்கு இந்த வேலை தெரியாது. வந்தது எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கோர்த்துக் கொடுத்துவிடும், ஹெட்போனில் கேட்கிறவரால் திசையை வைத்துப் பிரித்தெடுக்க முடியாது.

அறை எவ்வளவு பேசுகிறது என்று தெரிந்துகொள்ள, நடுவில் நின்று ஒரு தடவை ஓங்கிக் கைதட்டிப் பாருங்கள். 'டப்' என்று அங்கேயே முடிந்தால் நல்லது. 'டிர்ர்ங்' என்று ஒரு வால் நீண்டால் அந்த வால் உங்கள் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் வரும்.

இந்த வாலை முதலில் முறையாக அளந்தவர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் இருந்த விரிவுரை அரங்கில் பேசினால் ஒன்றும் புரியவில்லை என்று புகார் வந்தது, இளம் இயற்பியல் ஆசிரியரான அவரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். காலியாக இருந்தபோது அந்த அரங்கில் ஒலி அடங்க 5 வினாடிக்கும் மேல் ஆனது. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் வந்து மேலே விழும். சபைன் என்ன செய்தார் என்றால், ஊர் அடங்கிய இரவுகளில் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி காதுக்குக் கேட்காமல் போக எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டே போனார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அதிலிருந்து வந்த சூத்திரம் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது: அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, அறை மொத்தமாக ஒலியை உறிஞ்சும் அளவால் வகுத்தால், ஒலி 60 டெசிபெல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) இறங்க ஆகும் நேரம் கிடைக்கும்.

3 மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள காலி அறையை எடுத்துக்கொள்வோம். கன அளவு 27 கன மீட்டர், உள் பரப்பு 54 சதுர மீட்டர். பூச்சுச் சுவர் தன்மேல் படும் ஒலியில் 3 சதவீதம்தான் உறிஞ்சும் என்று வைத்தால் மொத்த உறிஞ்சல் 54இல் 3 சதவீதம், அதாவது வெறும் 1.6, நேரம் 2.7 வினாடி. அதே அறையில் மெத்தை, திரை, துணிக்குவியல் எல்லாம் சேர்த்து உறிஞ்சலை 10க்குக் கொண்டுவந்தால் 0.43 வினாடி. சின்ன அறைக்கு இந்தக் கணக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தாது, ஆனால் மெத்தை போட்ட அறைக்கும் போடாத அறைக்கும் எவ்வளவு தூரம் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

துணி எப்படி ஒலியை விழுங்குகிறது? ஒலி என்பது காற்றின் முன்பின் அசைவு. அந்தக் காற்று நூலிழைகளுக்கு நடுவே புகுந்து உரசும்போது அசைவு கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாக மாறிவிடும், அவ்வளவுதான். ஆனால் இதில் பலர் தவறவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. சுவரை ஒட்டிய காற்று அசைய முடியாது, சுவர் தடுக்கிறது. அலைநீளத்தில் கால் பங்கு தள்ளி வந்தால்தான் அசைவு உச்சத்தில் இருக்கும். 1000 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 1000 தடவை அதிரும் ஒலிக்கு அந்தக் கால் பங்கு 8.5 செ.மீ, 100 ஹெர்ட்ஸுக்கு 85 செ.மீ. அதனால் சுவரோடு சுவராக ஒட்டிய மெல்லிய துணி கீச்சென்ற ஒலிகளை மட்டும் தின்றுவிட்டு அடிக்குரலை அப்படியே திருப்பி அனுப்பும், குரல் மந்தமாகிவிடும். அதே போர்வையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டால் வேலை செய்வது கண்கூடாகத் தெரியும். முட்டை அட்டையை ஒட்டுவதில் பயனில்லை என்பதும் இதனால்தான், அதில் காற்று புகுந்து உரசத் தடிமனே கிடையாது.

போர்வையை எங்கே தொங்கவிடுவது? மைக்குக்குப் பின்னால் என்றுதான் தோன்றும். ஆனால் வாசிப்புக்குப் பயன்படும் பெரும்பாலான மைக்குகள் முன்பக்கம்தான் நன்றாகக் கேட்கும், முதுகுப் பக்கம் மந்தம். மைக்கின் முன்னால் இருப்பது நீங்களும் உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரும். ஆகவே ஒரே ஒரு போர்வைதான் இருக்கிறது என்றால் அதை உங்கள் முதுகுக்குப் பின்னால் கட்டுங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதைப் பார்த்து வாசிப்பதும் நல்ல வழி, வாயிலிருந்து போன ஒலி திரும்பி வராது. ஆனால் ஆள் நிற்கும் அளவுள்ள அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. எதிரெதிர்ப் பலகைகளுக்கு நடுவில் 1.2 மீட்டர் இருந்தால் 143 ஹெர்ட்ஸில் அந்தப் பெட்டியே சேர்ந்து முழங்கும், ஆண் குரலின் அடிநாதம் பலருக்கு அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், போர்வை வெளிச் சத்தத்தைத் தடுக்காது. உள்ளே எதிரொலியை அடக்குவது வேறு, தெருச் சத்தம் உள்ளே வராமல் பார்ப்பது வேறு. இரண்டாவதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும்தான் வேண்டும், அதனால் வீட்டில் பதிவு செய்பவர்கள் நேரம் பார்த்துத்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

அடுத்தது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேரடிக் குரல் 6 டெசிபெல் கூடும், அறையின் எதிரொலி கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கும். 60 செ.மீ தூரத்திலிருந்து 15 செ.மீக்கு வந்தால் 12 டெசிபெல் லாபம். ரொம்பவும் கிட்டே போனால் வேறு தொல்லை. 'ப' சொல்லும்போது உதடு மூடி, உள்ளே காற்று அழுத்தம் ஏறி, திறந்தவுடன் ஒரு வீச்சாக வெளியே வரும். வாய்க்கு முன்னால் மெல்லிய தாள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு 'புத்தகம்', 'பாட்டி', 'அப்பா' என்று சொல்லிப் பாருங்கள், தாள் ஆடும். மைக்கின் உள்ளே இருக்கும் சவ்வு அந்தத் தாளைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது, அந்த வீச்சு பட்டால் 'தொம்' என்று அடிக்கும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் ஓரமாக 45 பாகை போல நகர்த்தி, அதன் முனை வாயைப் பார்த்தபடி வைத்தால் போதும், காற்று நேராகப் போய்விடும், குரல் மட்டும் மைக்கை எட்டும்.

மேசையையும் கவனிக்க வேண்டும். வாயும் மைக்கும் மேசையிலிருந்து 30 செ.மீ உயரத்தில், இரண்டுக்கும் நடுவில் 20 செ.மீ என்று வையுங்கள். மேசையில் பட்டு வரும் ஒலி 63 செ.மீ பயணம் செய்கிறது, நேராக வருவதைவிட 43 செ.மீ கூடுதல். அந்தத் தாமதத்தால் 400, 1200, 2000 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சில இடங்களில் இரண்டும் ஒன்றையொன்று அமுக்கிவிடும், சீப்பின் பற்கள் போல. குரல் தகர டப்பாவில் பேசுவது போல ஆகிவிடுவது இதனால்தான். மடித்த துண்டு ஒன்றை மேசையில் விரித்தாலே வித்தியாசம் கேட்கும்.

இதெல்லாம் சரியானால் கணினியில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. வினாடிக்கு 44,100 தடவை அளவெடுத்தால் காது கேட்கும் 20,000 ஹெர்ட்ஸ் வரை எல்லாம் அடங்கிவிடும். ஒலிநூல்களை வாங்கிக்கொள்ளும் ஏசிஎக்ஸ் தளம் மௌனத்தில் இருக்கும் இரைச்சல் மைனஸ் 60 டெசிபெல்லுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது, அதாவது உச்ச அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓடும் மின்விசிறி ஒன்றே இதைக் கெடுத்துவிடும். மென்பொருளில் இரைச்சலை அகற்றலாம்தான், ஆனால் இரைச்சலும் குரலும் ஒரே அதிர்வெண்களில் கலந்து கிடக்கும்போது குரலின் துணுக்குகளும் சேர்ந்து போய், மிச்சமிருப்பது தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போல ஆகும். என் அனுபவத்தில் விசிறியை நிறுத்திவிட்டுப் பத்துப் பத்து நிமிடமாக வாசிப்பதே மேல்.

அப்புறம் வாசிப்பு. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும், எழுதும்போது நாலு வரி நீண்ட வாக்கியம் கண்ணுக்கு இனிமையாக இருக்கும், வாய்க்கு மூச்சு முட்டும். 'வந்து', 'பார்த்து', 'என்று' போன்ற எச்சங்கள் முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு மூச்சை அங்கே எடுங்கள், ஆனால் குரலை அங்கே இறக்கிவிடாதீர்கள். இறக்கினால் கேட்பவர் வாக்கியம் முடிந்துவிட்டதென்று நினைத்துக்கொள்வார். வினை வரும் வரை குரல் தூக்கியே இருக்கட்டும். தப்பு வந்தால் பதிவை நிறுத்த வேண்டாம், ஒரு கைதட்டு, அப்புறம் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து. பின்னால் வெட்டும்போது கைதட்டு அலைவடிவத்தில் ஈட்டி போல நிமிர்ந்து நின்று இடத்தைக் காட்டும்.

வெட்டிய இடங்களை வெறும் சூன்யத்தால் நிரப்பாதீர்கள். அறைக்கென்று ஒரு மெல்லிய மூச்சு உண்டு, அது சட்டென்று நின்றால் காதுக்கு ஓட்டை விழுந்தது போலிருக்கும். வாசிக்கத் தொடங்கும் முன்பே, அசையாமல் உட்கார்ந்து அரை நிமிடம் அந்த மௌனத்தை மட்டும் பதிவு செய்து வைத்துக்கொண்டால், இடைவெளிகளில் அதையே எடுத்து வைக்கலாம். கடைசி வரி முடிந்ததும் கை பொத்தானுக்குப் போகும். மூன்று வினாடி பொறுத்து, நாற்காலி கிறீச்சிடாமல், அந்தச் சொல் அறையில் அடங்கிய பிறகு அழுத்துங்கள்.