புகையே இல்லீங்க டாக்டர்னு சொல்றாங்க, அதுதான் பயமா இருக்கு

போன ஜனவரில ஒரு நாள் காலைல ஆறு மணி இருக்கும், ஊட்டில காந்தல் பக்கமெல்லாம் புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சு கிடந்த நேரம், நைட் டியூட்டி முடியப்போற நேரத்துல திருப்பூர்ல இருந்து டூர் வந்த ஒரு குடும்பம் கேஷுவாலிட்டிக்கு வந்தாங்க. புருஷன், பொண்டாட்டி, எட்டு வயசு பையன், அந்தம்மாவோட அம்மா. நாலு பேருக்கும் தலைவலி, வாந்தி, பையன் நிக்க முடியாம அப்பா தோள்ல சாஞ்சு கிடக்கறான். "நேத்து நைட்டு பிரியாணி ஒத்துக்கலைங்க டாக்டர், ஒரு ஊசி போட்டுட்டீங்கன்னா கீழ எறங்கிருவோம்"ங்கறார் அவர். உடனே அந்தம்மா, "அம்மா பிரியாணியே சாப்டலைங்களே, தயிர்சாதம்தானே சாப்டாங்க"ன்னாங்க. எனக்கு அங்கதான் பொறி தட்டுச்சு.

"ரூம்ல அடுப்பு ஏதாவது வெச்சிருந்தீங்களாங்க?"

"ஆமாங்க, குளிர் தாங்கலைன்னு சொன்னோம், சிக்ரிங்கற இரும்பு அடுப்புல கரி போட்டு கொண்டாந்து வெச்சாங்க. நல்லா கங்கா இருந்துச்சு, புகையே இல்லீங்க."

இந்த "புகையே இல்லீங்க"வ நான் நிறைய தடவ கேட்டுட்டேன். புகை வந்தா இருமிட்டு எந்திரிச்சு ஓடிருவோம், அது நம்மள காப்பாத்தும். தணலா சிவந்து நிக்கிற கரில புகை இருக்காது, ஆனா கார்பன் மோனாக்சைடு வந்துட்டே இருக்கும், அதுக்கு வாசனையும் இல்ல, நிறமும் இல்ல, கண்ணு எரியாது, தொண்டை கமறாது. ரத்தத்துல ஆக்சிஜன சுமக்கிற ஹீமோகுளோபின்ல ஆக்சிஜன விட 200 மடங்குக்கு மேல கெட்டியா போய் ஒட்டிக்கும். தூங்கறவங்களுக்கு முழிப்பே வராது, தூக்கம் அப்படியே மயக்கமாயிடும், அந்த மயக்கத்துலயே போனவங்க உண்டு.

அந்த ஹோட்டல் பேர் வேண்டாம், நான் நேர்லயே போய் பாத்தேன். சேரிங் கிராஸ்ல இருந்து நடக்கற தூரம், ஜன்னல தொறந்தா கடைத்தெரு சத்தம் கேக்கும், பழைய பங்களாவ அழகா புதுப்பிச்சிருக்காங்க. கண்ணாடி பாட்டில்ல தண்ணி, மூங்கில் பிரஷ், துணிப்பை, மொட்டமாடில சோலார், காலைல சாமை பொங்கல், பிளாஸ்டிக்னு ஒண்ணு கண்ணுல படல. மனசார பாராட்டுறேன், 2000-ம் வருஷத்துல இருந்தே பிளாஸ்டிக்க ஒழிக்க பாடுபட்டு வர்ற மாவட்டம் இது, இந்த மாதிரி இடங்கள் இன்னும் வரணும். ஆனா அந்த ரூமோட ஜன்னல் இடுக்கு எல்லாத்துலயும் ரப்பர் பட்டை ஒட்டி அடைச்சிருந்தாங்க, கதவுக்கு அடில நீளமா ஒரு துணி உருளை வேற. மேனேஜர் தம்பி நல்ல பையன்தான், "ஹீட்டர் போட்டா கரண்ட் நிறைய இழுக்கும் டாக்டர், கரி இயற்கைதானேங்க, அதான்"னார். உள்ள இருக்கிற சூடு வெளிய போகாம அடைச்சது தப்பில்ல, அடைச்ச ரூமுக்குள்ள நெருப்ப வெச்சதுதான் தப்பு. கட்டிலுக்கு அடில ஒரு கிண்ணத்துல தண்ணி இருந்துச்சு, எதுக்குன்னு கேட்டா, கரியோட விஷத்த தண்ணி இழுத்துக்கும்னு யாரோ சொன்னாங்களாம். இழுக்காதுங்க, கார்பன் மோனாக்சைடு தண்ணில கரையறதே ரொம்ப கம்மி, கிண்ணம் இல்ல அண்டா நிறைய வெச்சாலும் பிரயோஜனம் இல்ல.

கூரைல ஒரு அலாரம் இருந்துச்சு, அது ஏன் அடிக்கலன்னு அவரே கேட்டார். அது புகைக்கானது. கார்பன் மோனாக்சைடுக்குன்னு தனியா அலாரம் இருக்கு, உள்ளங்கை அளவுதான், பேட்டரில ஓடும், ஆன்லைன்ல கிடைக்குது. நெருப்பு மூட்டுற வசதி இருக்கிற ஒவ்வொரு ரூம்லயும் அது இருக்கணும்.

பழைய பங்களால சுவத்தோட கணப்பு இருக்கும், அதுல சீகை விறகு போடுவாங்க. சீகை வெளிநாட்டு மரம், இங்க காட்ட கெடுக்குது, அத வெட்டி எரிக்கிறது மலைக்கு நல்லதுன்னு சொல்றதும் நியாயம்தான், ஆனா சிம்னி திறந்திருக்கான்னு யார் பாக்கறாங்க? குருவி கூடு கட்டுதுன்னு பலகை போட்டு அடைச்ச சிம்னிய நானே பாத்திருக்கேன். அப்புறம் இந்த சோலார். மூணு நாள் மஞ்சு மூடிச்சுன்னா தண்ணி காயாது, பேக்கப்புக்கு சில இடத்துல பாத்ரூம்குள்ளயே கேஸ் கீசர் மாட்டிருப்பாங்க. கதவ சாத்திட்டு நல்லா சுடுதண்ணில குளிக்கறேன்னு நின்னு, கேஸ் எரியறதுல வர்ற இதே விஷத்தால அப்படியே விழுந்தவங்களயும் பாத்திருக்கேன். கீசர் பாத்ரூமுக்கு வெளிய இருக்கணும், உள்ள இருந்தா அங்க குளிக்காதீங்க, வேற ரூம் கேளுங்க. ரூம் புக் பண்றப்ப வியூ இருக்கா, வைஃபை இருக்கான்னு கேக்கறோம்ல, அதோட "குளிருக்கு என்னங்க குடுப்பீங்க, சுடுதண்ணி எப்படி வருது"ன்னும் கேட்டுடுங்க. எண்ணெய் ஊத்தின எலக்ட்ரிக் ஹீட்டர், ரஜாய்ங்கற கனமான பஞ்சுப் போர்வை, வெந்நீர் பை இதெல்லாம் தாராளமா கேளுங்க. சாயந்திரம் வெளிய பார்பிக்யூ போட்டா, நைட்டு அணைஞ்ச மாதிரி தெரியுதேன்னு அந்த அடுப்ப உள்ள தூக்கிட்டு வராதீங்க, சாம்பலுக்கு அடில கங்கு மணிக்கணக்கா இருக்கும்.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம், அதனால தலைவலி வந்தா மலை ஏறினதாலன்னு நினைச்சுக்கறாங்க. உயரத்தால வர்ற நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலதான் வரும். ஒரே ரூம்ல படுத்த எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலி, குமட்டல், கால் தளர்ச்சி, வெளிய வந்தா கொஞ்சம் தேவலைன்னா அது சாப்பாடும் இல்ல, மலையும் இல்ல. முதல்ல எல்லாரும் வெளிய வாங்க, அப்புறம் 108. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் 98 காட்டுதுன்னு ஏமாந்துறாதீங்க, அந்த மிஷினுக்கு ஆக்சிஜன் ஒட்டின ரத்தத்துக்கும் இந்த விஷம் ஒட்டின ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அன்னிக்கி அந்த பையனுக்கும் 98தான் காட்டுச்சு. ரத்தத்துல கார்பன் மோனாக்சைடு அளவு தனியா பாத்தாத்தான் தெரியும், அதனால டாக்டர்கிட்ட கரி அடுப்பு விஷயத்த முதல் வார்த்தையா சொல்லுங்க. சாதா காத்துல அந்த விஷம் பாதி குறையவே நாலஞ்சு மணி நேரம் ஆகும், மாஸ்க் போட்டு முழு ஆக்சிஜன் குடுத்தா ஒண்ணு ஒன்றரை மணி நேரத்துல பாதியாயிடும். கர்ப்பமா இருக்கவங்க தனக்கு சரியாயிடுச்சுன்னு கிளம்பிடவே கூடாது, வயித்துல இருக்கிற குழந்தைக்கு அது இன்னும் அதிகமா ஏறும், இறங்கவும் நேரமாகும்.

நாலு பேரும் மறுநாள் நல்லபடியா ஊருக்கு போனாங்க. போறப்ப அவங்ககிட்ட சொன்னத உங்ககிட்டயும் சொல்றேன். சிலருக்கு நல்லா தேறின பிறகு, சில நாளோ சில வாரமோ கழிச்சு மறதி, குழப்பம், நடை தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல் வரும். அப்படி ஏதாவது தெரிஞ்சா ஊட்டில நடந்தது ஊட்டியோட போச்சுன்னு விட்டுடாம, டிஸ்சார்ஜ் சீட்ட எடுத்துட்டு உங்க ஊர் டாக்டர்கிட்ட போங்க.