அண்ணன் பார்த்தது மின்கம்பத்தை

பாம்பன் கரையில் நின்றுகொண்டிருந்தோம். கடலைப் பற்றிப் படிக்க வந்த கல்லூரிப் பையன் ஒருவன், "இன்னைக்குக் கரண்ட் அதிகம்ணே" என்றான். வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து மின்கம்பத்தைப் பார்த்தார். பையன் சொன்னது கடலின் நீரோட்டத்தை. அண்ணன்மேல் தப்பில்லை, தமிழுக்கு வந்த கரண்டுக்கு மின்சாரம் ஒன்றுதான் பொருள்.

ஆங்கிலத்தில் அப்படியில்லை. லத்தீனில் 'குர்ரெரே' என்றால் ஓடு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் போய் ஓடும் நீருக்குப் பெயரானது. ஓடிக்கொண்டிருக்கும் காலமும் கரண்ட்தான். தேர்வுக்குப் படிக்கும் கரண்ட் அஃபையர்ஸ் அங்கிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் போன்றவர்கள் மின்சாரத்தை ஒரு பாய்மம் என்று நினைத்தார்கள். பாய்மம் என்றால் ஓடத்தானே வேண்டும்? நீருக்கு இருந்த பெயர் அதற்கும் ஒட்டிக்கொண்டது.

இந்த உவமை பாதிதூரம் நன்றாகவே வரும். தென்கடலுக்கும் (மன்னார் வளைகுடா) வடகடலுக்கும் (பாக் விரிகுடா) நீர்மட்டம் வேறுபட்டால் பாம்பன் வாய்க்காலில் தண்ணீர் இழுக்கும். கம்பியில் அந்த வேலையை மின்னழுத்த வேறுபாடு செய்கிறது. தென்மேற்குப் பருவத்தில் நீர் வடகடல் பக்கம் போகும், வடகிழக்குப் பருவத்தில் தென்கடல் பக்கம் திரும்பும். கடலுக்கு இதற்கு மாதங்கள் ஆகின்றன. வீட்டுக் கரண்ட் விநாடிக்கு 100 தடவை திசை மாறுகிறது!

அப்புறம் உவமை காலை வாரிவிடும். டார்ச் லைட் கம்பியில் எலக்ட்ரான் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. ஆனாலும் பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிகிறது. கம்பி முழுக்க எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்திருப்பதால், மின்புலம் பரவியதுமே எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாக நகரத் தொடங்கிவிடுகின்றன. மின்சாரம் ஓடுவதாக ஃபிராங்க்ளின் ஊகித்த திசையும் எலக்ட்ரான் ஓடும் திசைக்குத் தலைகீழ். 1897இல் எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் பாடப்புத்தகம் பழைய திசையில்தான் அம்புக்குறி போடுகிறது.

சரி, இத்தனை பொருளை வைத்துக்கொண்டு ஆங்கிலேயர்கள் குழம்புவதில்லையா? 1979இல் மொழி உளவியலாளர் டேவிட் ஸ்வின்னி இதைச் சோதித்தார். பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவி என இரு பொருளுள்ள 'பக்' போன்ற சொற்களை வாக்கியத்துக்குள் வைத்துக் கேட்கவைத்தார். காதில் விழுந்த கணம் இரண்டு பொருளுமே மனதில் எழுகின்றன. ஒரு விநாடிக்குள் வாக்கியத்துக்குப் பொருந்தாதது அமுங்கிவிடுகிறது. அண்ணனுக்கு அமுக்க வேண்டிய இரண்டாவது பொருளே இல்லை, அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், லத்தீன் செய்ததைத் தமிழும் தனியாகச் செய்திருக்கிறது: நீரோட்டம், மின்னோட்டம், ரத்த ஓட்டம்.

பையன் கடலைக் கைகாட்டி, "தண்ணி இழுக்குதுல்லண்ணே, அதைச் சொன்னேன்" என்றான்.

"நீவாடுன்னு சொல்ல வேண்டியதுதானேப்பா" என்றார் அண்ணன்.