நியூயார்க் போகவும் கிழக்கு, திரும்பி வரவும் கிழக்கு

சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்குத் தூரம் சுமார் 15,350 கி.மீ. ஏர்பஸ் ஏ350 மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் 17 மணி நேரம். ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அட்டவணையில் 18½ மணிக்கும் மேல் போட்டிருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் சேர்த்தி என்றாலும் மொத்த வித்தியாசத்துக்கும் அது காரணம் ஆகாது.

அந்த 15,350 கி.மீ. என்பது உருண்டையான பூமியின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் தூரம். இரண்டு ஊர்களுக்கும் தீர்க்கரேகையில் கிட்டத்தட்ட 178 டிகிரி வித்தியாசம், அதாவது பூமியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், அதனால் நூல் வடதுருவத்துக்கு ஏறத்தாழ 300 கி.மீ. பக்கத்தில் போகும். சரி, அப்படியே பறக்கலாமே? பெரும்பாலும் பறப்பதில்லை. டோக்கியோ பக்கமாகச் சுற்றிப் போனாலும் 16,200 கி.மீ.தான் வரும், அந்தக் கூடுதல் 850 கி.மீ.க்குப் பதிலாகக் கிடைப்பது காற்று.

தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம், குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே 200, சில நாள் 300 கி.மீ. வேகத்தைத் தாண்டும். 1920களிலேயே பலூன் விட்டு இதை அளந்தவர் ஜப்பானியரான ஓய்ஷி வசாபுரோ. பாவம், உலகமே படிக்கட்டும் என்று அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட செயற்கை மொழியில் எழுதினார், யாரும் கண்டுகொள்ளவில்லை.

விமானத்தின் 900 கி.மீ. வேகம் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தது. காற்றே 150 கி.மீ. வேகத்தில் அதே திசையில் ஓடினால் தரைக் கணக்கில் 1,050, எதிர்த்தால் 750. போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் நடக்காது. 6,000 கி.மீ. தூரத்துக்குப் போட்டுப் பாருங்கள்: காற்றே இல்லையென்றால் 6 மணி 40 நிமிடம், பின்காற்றில் 5 மணி 43 நிமிடம், எதிர்காற்றில் 8 மணி. மிச்சமானது 57 நிமிடம், போனது 80 நிமிடம். எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அதற்குள்ளேயே அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், அதுதான் விஷயம்.

லண்டன்–நியூயார்க் வழியில் இதிலிருந்து தப்பவே முடியாது. 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. எதிர்த்திசையில் ஏழு, எட்டு மணி நேரம் ஆவது சாதாரணம்.

சிங்கப்பூர் விமானத்துக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. நியூயார்க்கிலிருந்து திரும்பும்போது வந்த வழியே போகாமல் பெரும்பாலும் அட்லாண்டிக், ஐரோப்பா, அப்புறம் ஆசியா என்று மறுபடி கிழக்கே கிளம்பிவிடும், ஊர்கள் எதிரெதிர்ப் பக்கம் இருப்பதால் இதுவும் பெரிய சுற்று இல்லை. டிக்கெட் என்னவோ போக வரத்தான், ஆனால் பயணி உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிடுகிறார்.

இவ்வளவு பார்த்தும் இதற்கென்றே வந்த ஏ350 ரகம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும்படி செய்யப்பட்டிருக்கிறது. அந்த எடையையும் தூக்கிப் பறக்க வேண்டும், அதனால் உள்ளே 161 இருக்கைகள்தான், சாதாரண எகானமி வகுப்பே கிடையாது.