மீட்ட பெண்ணை யாரிடம் ஒப்படைத்தீர்கள்?

ஆள்கடத்தல் வழக்குகளைப் பார்க்கவென்று எங்கள் அலுவலகத்தில் சேரும் ஜூனியர்களை, முதல் வாரமே 'தி விசில்புளோயர்' படத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லிவிடுவேன். 2010-ல் லாரிசா கொண்ட்ராக்கி இயக்கியது. த்ரில்லர் வகை என்பதால் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அதிலுள்ள சித்திரவதைக் காட்சியைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். பேசட்டும், லேசில் மறக்கிற காட்சி இல்லை. நான் கேட்பது இரண்டே கேள்வி. அந்தப் பெண்களின் பாஸ்போர்ட் யாரிடம் இருந்தது? மீட்ட பிறகு அவர்களை யார் கையில் கொடுத்தார்கள்?

கதை ஐரோப்பாவிலுள்ள போஸ்னியாவில் நடந்தது. 1995 டிசம்பரில் கையெழுத்தான டேட்டன் அமைதி ஒப்பந்தத்தோடு அங்கே நடந்த போர் ஓய்ந்தது. உள்ளூர்க் காவல்துறையைச் சீர்செய்ய ஐ.நா. ஒரு சர்வதேசக் காவல் படையை அமைத்தது. அதற்கு அமெரிக்கா தன் ஆட்களை டைன்கார்ப் என்ற தனியார் ஒப்பந்த நிறுவனம் மூலம் அனுப்பியது. நெப்ராஸ்கா மாநிலம் லிங்கன் நகரக் காவல்துறையில் இருந்த கேத்ரின் போல்கோவாக் 1999-ல் அப்படிப் போனவர். படத்தில் ரேச்சல் வைஸ் நடித்திருப்பது அவர் வேடத்தில்தான். நிறுவனத்தின் பெயரை மட்டும் படத்தில் மாற்றிவிட்டார்கள்.

அங்கே மால்டோவா, ருமேனியா, உக்ரைன் பெண்களை ஹோட்டல் வேலை, பரிமாறுகிற வேலை என்று சொல்லிக் கூட்டிவந்து, பாலியல் தொழிலுக்காக மதுக்கடைகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில். பயணச் செலவு, சாப்பாடு, துணி எல்லாம் அவள் தலையில் கடனாக எழுதப்படும். கடன் அடைவதற்குள் அடுத்தவனிடம் கைமாற்றிவிடுவார்கள், கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். வாடிக்கையாளர்களில் காப்பாற்ற வந்த சர்வதேசப் பணியாளர்களும் இருந்தார்கள், அவர்களில் சிலர் வியாபாரத்துக்கே துணை போனார்கள் என்பதுதான் கேத்ரின் கிளப்பிய புகார்.

மேலே இருந்தவர்களுக்கு அவரை எதிர்க்க அடியாள் தேவைப்படவில்லை. பணியாளர்களுக்குச் சட்ட விலக்குரிமை இருந்ததால் போஸ்னிய நீதிமன்றம் அவர்களைத் தொட முடியாது. அதிகபட்சம், ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள். கேத்ரின் 2000 அக்டோபரில் மேலதிகாரிகள் பலருக்கும் விரிவாக மின்னஞ்சல் எழுதினார். முதலில் அவர் வகித்த பொறுப்பிலிருந்து மாற்றினார்கள். 2001-ல் வேலையே போனது. சொன்ன காரணம், வேலை நேரப் பதிவேட்டில் பொய்க்கணக்கு எழுதினாராம். நம்மூர் அலுவலகங்களில் பயணப்படி பில்லைத் தோண்டி மெமோ கொடுக்கிற அதே பழைய வித்தை. அவருடைய ஒப்பந்தம் நிறுவனத்தின் பிரிட்டன் கிளையோடு இருந்ததால் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2002-ல் பணிநீக்கம் தவறு என்று தீர்ப்பு வந்தது, இழப்பீடு 1,10,000 பவுண்டு. கையோடு எடுத்துவந்திருந்த ஆவணங்கள் இல்லையென்றால் அந்த வழக்கு என்னவாகியிருக்கும் என்று எந்தத் தொழிலாளர் வழக்கறிஞரைக் கேட்டாலும் சொல்வார்.

படத்தில் என் வேலையோடு நேராக இடிக்கிற இடம் ஒன்று உண்டு. ராயா என்ற பெண்ணைக் கடத்தல்காரர்களிடம் சேர்ப்பது சொந்தக்காரர் ஒருவர். பிறகு, சாட்சி சொன்னால் காப்பாற்றுகிறேன் என்று கேத்ரின் அவளுக்கு உறுதி தருகிறார். அந்த உறுதியைக் காப்பாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. ராயா மறுபடியும் அவர்கள் கையிலேயே சிக்குகிறாள். சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்று நீதிமன்றத்தில் ஒரே வரியில் பதிவாகிற எத்தனையோ வழக்குகளுக்குப் பின்னால் இந்தக் கதைதான் இருக்கிறது.

இங்கேயும் ரெய்டு முடிந்து நாளிதழில் செய்தி வந்த பிறகுதான் ஆபத்தான கட்டம் தொடங்கும். காப்பக வாசலில் முதலில் வந்து நிற்கிறவர் பெரும்பாலும் 'உறவினர்'தான். அப்படி ஒருமுறை தாய்மாமன் என்று ஒருவர் வந்தார். ரேஷன் கார்டு ஜெராக்ஸ், லெட்டர்பேடில் ஒரு சிபாரிசுக் கடிதம், கையில் ஆப்பிள் பை. பெண்ணைத் தனியாக உட்காரவைத்து, "உங்க அம்மாகூடப் பிறந்தவங்க எத்தனை பேர்ம்மா?" என்று கேட்டேன். "அம்மா ஒத்தைப் பொண்ணு சார்" என்றாள். வெளியே வந்து பார்த்தால் பெஞ்சில் ஆப்பிள் பை மட்டும் இருந்தது.

இதற்காகத்தான் ஒழுக்கக்கேடான வியாபாரத் தடுப்புச் சட்டத்தின் 17, 17-ஏ பிரிவுகள் இருக்கின்றன. பெற்றோரோ கணவரோ, யார் வந்து கேட்டாலும் மாஜிஸ்திரேட் விசாரித்துத் திருப்தி அடைந்த பிறகே ஒப்படைக்க வேண்டும். அந்த விசாரணைக்காக நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கே போய்ப் பார்த்து எழுதுகிற அறிக்கைக்கும், மேஜையில் உட்கார்ந்து எழுதுகிற அறிக்கைக்கும் வாசித்தாலே வித்தியாசம் தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள். மீட்கப்பட்ட பெண்ணையே, விபச்சாரத்துக்கு ஆள் அழைத்தாள் என்று அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவில் குற்றவாளியாகச் சேர்ப்பது இன்னும் நின்றபாடில்லை. எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் வாங்கியதும் பிரிவு எண்ணைப் பாருங்கள்.

"அவளே விரும்பித்தானே போனாள்?" என்று கேட்பவர்களுக்கு: இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே இல்லை. அதே பிரிவில், கடத்தலில் அரசு ஊழியரோ காவலரோ சம்பந்தப்பட்டிருந்தால் ஆயுள் முழுக்கச் சிறை. சட்டப் புத்தகத்தில் பளிச்சென்று இருக்கிற இந்த வரி குற்றப்பத்திரிகையில் ஏறுவதுதான் அபூர்வம்.

வெளிநாட்டு வேலைக்கு யாராவது கிளம்பினால் குடும்பத்தார் செய்யவேண்டியது கொஞ்சம்தான். பாஸ்போர்ட், விசா, ஏஜென்ட் கொடுத்த ரசீது எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டிலும் ஒரு பிரதி வையுங்கள். ரசீது தரமாட்டேன் என்கிறவரிடம் பணமும் தராதீர்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் சட்டப்படி மத்திய அரசின் சொத்து, அதை வாங்கிப் பூட்டிவைக்க எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

காவல்துறையிலோ காப்பகத்திலோ வேலை பார்த்துக்கொண்டே எதையோ பார்த்துவிட்டுத் தூக்கமில்லாமல் என்னிடம் வருகிறவர்களும் உண்டு. இந்தியாவில் முறைகேட்டை அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-லேயே நிறைவேறியும் நடைமுறைக்கு வராமல் கிடக்கிறது. அதனால் அவர்களுக்கு நான் சொல்வது: வாய்மொழியாகப் புகார் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உங்கள் வருகைப் பதிவும் பயணப் பில்லும் ஒரு ரூபாய்கூடப் பிசகாமல் இருக்கட்டும். மெமோ வந்த பிறகு வராதீர்கள், புகார் எழுதுவதற்கு முன்பே ஒரு வக்கீலைப் பாருங்கள்.