சுழியில் சரி, முப்பத்தைந்தில் தவறு

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களில் பலர் உப்பின் அளவைப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஆர்.ஓ. தண்ணீரைச் சொட்டுவிட்டு, கோடு சுழியில் நின்றதும் கருவி சரி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியதோ 35, அதாவது ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு. சுழியில் பிசகாத கருவி அங்கே ஒன்றரை அளவு தவறலாம். பவளங்களுக்கு அது சின்ன வித்தியாசம் அல்ல.

கருவி உப்பை எண்ணுவதில்லை. ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்த்து, உள்ளே அச்சிட்ட அளவுகோலில் காட்டுகிறது. மலிவான கருவிகள் பலவற்றில் அந்த அளவுகோல் சோடியம் குளோரைடு கரைசலுக்காகப் போடப்பட்டது. கடல்நீரில் மெக்னீசியம், கால்சியம், சல்பேட்டும் கலந்திருப்பதால், எடைக்கு எடை அது ஒளியைச் சற்றுக் கூடுதலாக வளைக்கும். 35 அளவுள்ள கடல்நீரின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை வளைக்கும் அளவு, சுமார் 1.3394. சாதா உப்பால் அதே எண் வர ஒரு கிலோ கரைசலில் 36.5 கிராம் வேண்டும். எனவே இத்தகைய கருவி 35 காட்டும்போது தொட்டியில் இருப்பது 33.6 அளவுதான்.

ஆகவே 35-இல் வைத்தே கருவியைத் திருத்த வேண்டும். அதற்கான திரவத்தை வீட்டிலேயே செய்யலாம்: தூள் உப்பு 36.5 கிராம், ஆர்.ஓ. தண்ணீர் 963.5 கிராம். தண்ணீரையும் எடைபோட்டே சேருங்கள். கல் உப்பு வேண்டாம், அதில் ஈரமும் மெக்னீசியமும் இருக்கும். தூள் உப்பையும் வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்து, ஆறவிட்டு நிறுங்கள். தராசு 0.1 கிராம் காட்டுவதாக இருக்கட்டும். உப்பில் அரை கிராம் பிசகினால் முடிவும் ஏறத்தாழ அரை அளவு பிசகும். கொஞ்சம் போதுமே என்று 100 கிராம் கரைசல் மட்டும் செய்தால் அதே பிசகு பத்து மடங்காகும். கடற்கரைத் தண்ணீரை அளவுகோலாக நம்ப வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக் கரையோர மேல்நீர் 35-க்கு நன்றாகவே கீழே இறங்கிவிடும்.

திரவமும் கருவியும் ஒரே அறையில் ஒரு மணி நேரம் இருக்கட்டும். சொட்டு விடும் கண்ணாடிப் பட்டகத்தைத் துடைத்து, இரண்டு மூன்று சொட்டு விட்டு, குமிழி வராமல் மூடியைச் சாய்த்து மூடுங்கள். அரை நிமிடம் பொறுத்து, பகல் வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 35-இல் நிற்கும்வரை திருகாணியைத் திருப்புங்கள். துடைத்துவிட்டுப் புதுச் சொட்டில் மறுபடி பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே இடத்தில் நின்றால்தான் கணக்கு. ஏ.டி.சி. என்ற வெப்ப ஈடு பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரிக்குள்தான் வேலை செய்யும். மே மாத மதியத்தில் நம் வீடுகள் அதைத் தாண்டிவிடும், அதனால் காலையில் செய்வது நல்லது.

இதே திரவம் மற்றக் கருவிகளுக்கு ஆகாது. 25 டிகிரியில் 35 அளவுக் கடல்நீரின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 53 மில்லிசீமென்ஸ். மின்கடத்தும் மீட்டரில் அதே எண் வர ஒரு கிலோ கரைசலில் 32.9 கிராம் உப்பு போதும். நீரின் அடர்த்தியைக் காட்டும் மிதக்கும் ஹைட்ரோமீட்டரில் 35-க்கு நிகரான 1.0264-க்கோ 37.1 கிராம் வேண்டும். மின்கடத்தும் மீட்டரில் முனையைத் தட்டிக் குமிழியை வெளியேற்றுங்கள். ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் அளவு மாறுவதால், முனை திரவத்தின் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஹைட்ரோமீட்டரில் அச்சிட்ட வெப்பநிலையைப் பாருங்கள்: 15.6 டிகிரிக்கானது என்றால், 25 டிகிரியில் சரியான கடல்நீரே 1.024 என்றுதான் காட்டும். ஊசி ஆடும் பிளாஸ்டிக் வகையில் ஊசியில் ஒரு குமிழி ஒட்டினாலே அளவு கூடித் தெரியும்.

திரவத்தை மூடி இறுகிய பாட்டிலில் வையுங்கள். ஒரு சதவீதம் நீர் ஆவியானாலும் திரவம் 0.35 அளவு கெட்டியாகிவிடும். அதைக் கொண்டு திருத்திய கருவி குறைத்துக் காட்டும், தொட்டியில் உப்பு அந்த அளவுக்கு ஏறும்.