எஸ்டிஆர் முழம் போடும் விதம்

பூக்காரம்மாவிடம் மல்லிகை வாங்கியவர்களுக்குத் தெரியும், முழம் ஆளுக்கு ஆள் மாறும். கை கொஞ்சம் குட்டையாக இருந்தால் ஒரு முழத்தில் நமக்கு நஷ்டம் ஒரு விரற்கடைதான். 60 முழம் வாங்கினால் 60 விரற்கடை. எஸ்டிஆர் எனும் மென்பொருள் வானொலி (கணினி மென்பொருளால் இயக்கும் வானொலிக் கருவி) அனுப்பும் அதிர்வெண்ணும் இப்படித்தான் அளக்கப்படுகிறது.

ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்கள், பலர் வைத்திருக்கும் புளூட்டோ என்ற எஸ்டிஆர் கருவியை எடுத்துக்கொள்வோம். அதற்குள் 40 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் ஒரு கிரிஸ்டல் இருக்கிறது. நாம் 2400 மெகாஹெர்ட்ஸ் என்று அடித்தால் சில்லு 2400-ஐ நேராக உண்டாக்குவதில்லை. உள்ளே 9600 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையியற்றியை (ஆசிலேட்டர்) ஓடவிட்டு, அதை நான்கால் வகுக்கிறது. அது சரியாக 9600-இல்தான் ஓடுகிறதா என்று சரிபார்க்க இருக்கும் ஒரே அளவுகோல் அந்தக் கிரிஸ்டல். மொத்தத்தில் 2400 என்பது கிரிஸ்டலின் 60 முழம். கிரிஸ்டல் 40,000,400 ஹெர்ட்ஸில் துடித்தால், அதாவது 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்து பங்கு) கூடுதலாக இருந்தால், வெளியே போவது 2400.024. திரை மட்டும் 2400.000 என்றே காட்டும். அதற்கு வேறெப்படித் தெரியும்?

24 கிலோஹெர்ட்ஸ் பெரிய விஷயமா என்றால், கியூஓ-100-இல் பேசுகிறவர்களுக்குப் பெரிய விஷயம்தான். 2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தார் செயற்கைக்கோளில் ஹாம்களுக்கென்று இருக்கும் பகுதி அது. சென்னையிலிருந்து பார்த்தால் மேற்கே, ஏறத்தாழ 27 பாகை உயரத்தில் அசையாமல் நிற்கிறது. 2400.150-இல் அனுப்பினால் 10489.650-இல் திருப்பி அனுப்பும். அங்கே ஒருவர் பேச்சுக்கு 2.7 கிலோஹெர்ட்ஸ்தான் இடம். 24 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போனால் எட்டு வீடு தாண்டி யார் வீட்டுக் கதவையோ தட்டுகிறோம்.

‘அதிர்வெண் தப்பு’ என்று தெரிந்ததும் பலரும் செய்வது, திரையில் எண்ணைக் கூட்டிக் குறைத்து ஒப்பேற்றுவது. அதில் எனக்கு உடன்பாடில்லை. தப்பு எவ்வளவு என்பதைவிட, அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

மேசையிலேயே பார்த்துவிடலாம். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, அனுப்பும் பக்கத்தை சிக்னலின் பலத்தைக் குறைக்கும் 40 டெசிபல் அட்டெனுவேட்டர் வழியாக ஒரு ஆர்டிஎல் டாங்கிளில் (யூஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர்) மாட்டுங்கள். உரிமம் இருந்தாலும் தவறான அதிர்வெண்ணைக் காற்றில் விடக் கூடாது. ஆனால் டாங்கிளுக்கும் ஒரு கிரிஸ்டல் உண்டு, அதுவும் பொய் சொல்லும். அதனால் முதலில் அதை அருகிலுள்ள 2ஜி செல்போன் டவரோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். டவர்கள் 0.05 பிபிஎம்முக்குள் நிற்க வேண்டும் என்பது விதி. கேலிப்ரேட் (kalibrate-rtl) என்ற இலவச மென்பொருள் டவரைக் கேட்டு டாங்கிளின் பிழையைச் சொல்லிவிடும்.

இப்போது புளூட்டோவிலிருந்து 400 மெகாஹெர்ட்ஸில் ஒரு டோன் (ஒரே அதிர்வெண்ணில் நிற்கும் சிக்னல்) அனுப்புங்கள். 4 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வருகிறதா? அப்புறம் 1200-இல் அனுப்புங்கள். 12 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வந்தால் குற்றவாளி கிரிஸ்டல். அதிர்வெண் மும்மடங்கானபோது பிழையும் மும்மடங்காகிவிட்டதே! இரண்டு இடத்திலும் அதே 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் கிரிஸ்டலை விட்டுவிடுங்கள். மென்பொருளில் எங்கோ ஒரு ஆஃப்செட், அதாவது நிலையான ஓர் எண், கூட்டப்பட்டிருக்கிறது.

டோனை மேலே நகர்த்தினால் அது கீழே போகிறதா? எஸ்டிஆர் அலையை விவரிக்கப் பயன்படுத்தும் ஐ, க்யூ என்ற இரண்டு சிக்னல்களும் இடம் மாறியிருக்கின்றன. கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாமே மையத்துக்கு அந்தப் பக்கம் விழும். இன்னொரு வகை, டோனை நிறுத்திய பிறகும் திரையின் நடுவில் முள்போல ஒரு கூர்மையான கோடு அப்படியே நிற்பது. அது நம் சிக்னலே இல்லை, சில்லின் அலையியற்றி லேசாகக் கசிவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த முள்ளை என் டோன் என்று நம்பி ‘திருத்திக்’ கொண்டிருந்தேன்.

எண்ணை மாற்றியும் எதுவும் நகராவிட்டால் சாதனத்தின் எல்லையைப் பாருங்கள். புளூட்டோ வாங்கும்போது அதன் எல்லை 325 முதல் 3800 மெகாஹெர்ட்ஸ். 145 என்று கேட்டால் மறுத்துவிடும். அந்த மறுப்பு லாக்கில் ஒரு வரியாக மட்டும் கிடக்கும்.

செயற்கைக்கோள் வழியில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. டிஷ்ஷில் சிக்னலை வாங்கி அதிர்வெண்ணைக் குறைக்கும் எல்என்பி என்ற கருவி, 9750 மெகாஹெர்ட்ஸைக் கழித்து 10489.650-ஐ 739.650 ஆக்கித் தருகிறது. வெயில் ஏறினால் அந்த 9750-உம் நகரும். பழி வழக்கம்போல அனுப்பும் பக்கத்தின் மேல் விழும். தீர்ப்புச் சொல்ல செயற்கைக்கோளின் பீக்கன் (தெரிந்த அதிர்வெண்ணில் எப்போதும் வரும் அடையாளச் சிக்னல்) இருக்கிறது. பீக்கனும் தள்ளித் தெரிந்தால் தப்பு கேட்கும் பக்கத்தில். பீக்கன் சரியான இடத்தில் நிற்க, நம் குரல் மட்டும் விலகினால் தப்பு நம்முடையது.

கிரிஸ்டல்தான் காரணம் என்றால் திருத்தம் எளிது. புளூட்டோவின் கான்ஃபிக் கோப்பில் எக்ஸ்ஓ கரெக்‌ஷன் என்ற இடத்தில் கிரிஸ்டலின் உண்மையான துடிப்பைக் கொடுங்கள். மேலே சொன்ன உதாரணத்துக்கு 40000400. பூக்காரம்மாவின் கை நீளத்தை அளந்து சொல்லிவிட்டோம், இனி கணக்கைச் சில்லே பார்த்துக்கொள்ளும். ஆனால் சாதனத்துக்கு மின்சாரம் கொடுத்த உடனே அளக்காதீர்கள். சூடேறும்வரை கிரிஸ்டல் நகர்ந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரம் ஓடட்டும். அலைச்சலே வேண்டாம் என்பவர்கள் 0.5 பிபிஎம் டிசிஎக்ஸ்ஓ (வெப்பநிலை மாற்றத்தைத் தானே ஈடுசெய்யும் கிரிஸ்டல்) அல்லது ஜிபிஎஸ் கடிகாரத்துக்குப் போய்விடுகிறார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று பார்க்க ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மைக்கில் ‘வணக்கம்’ சொல்லுங்கள். 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கி, கால் விநாடி கழித்து உங்கள் குரலே காதுக்கு வரும். 200 ஹெர்ட்ஸ் மிச்சப் பிழை இருந்தால்கூட அது வாத்துக் குரலாகத்தான் கேட்கும்.